மேல் லைனில் காலி

திருப்பதியில் என் சகலை வீட்டுக் குழாயில் வரும் வெந்நீரைப் பற்றி ஓராண்டு காலம் கேட்டுக்கொண்டிருந்தேன். அங்கே போய்விட்டுச் சித்தூர் திரும்பும் ஒவ்வொரு முறையும், ரயில் பாகாலா தாண்டுவதற்குள் என் மனைவி ஆரம்பித்துவிடுவாள்.

"குழாய தொறந்தா போதும், கை பொத்துப்போற மாதிரி வருது. மாடி மேல சோலார வச்சிக்கினு, புகையில்ல, கரியில்ல. என் தங்கச்சி நல்லா கீறா."

சூரியன் திருப்பதியில் மட்டும் உதிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஆனால் என் காதில் அப்படித்தான் விழுந்தது.

நான் ஒரு பால் பதனிடும் ஆலையில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, அந்தப் பிரிவின் தலைவனாக ஓய்வு பெற்றவன். கொதிகலனை எப்படி ஏற்றுவது, எப்படி அணைப்பது, எந்த வால்வை எதற்குப் பிறகு திறப்பது என்று நான் எழுதிய நடைமுறைகள் அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. என் சகலை எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, அது தனக்கு ஒத்துவராது என்று லாரிக்குப் போனவன். பிறகு பஸ் ஓட்டினான். ஒரு நேர்கோடு போடச் சொன்னால் அளவுகோலை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்பான். அவனுடைய வீட்டில் வெந்நீர் வந்தது.

வெந்நீர் மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். எனக்கு ஒரே மகள். அவளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தவன் நான். தினமும் சாயங்காலம் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பஸ்ஸில் என்ஜின் பானெட் மேல் உட்கார வைத்து, ஆள் இல்லாத ரோட்டில் ஹார்ன் அடிக்க விட்டவன் அவன். அவள் வளர்ந்து இன்ஜினியராகி ஜெர்மனிக்குப் போனாள். அங்கே பிறந்த குழந்தை முதல் முறையாகக் குப்புற விழுந்ததை வீடியோவில் யாருக்கு முதலில் காட்டினாள்? சித்தப்பாவுக்கு. அவன் தன் மனைவியிடம் சொன்னான், அவள் தன் அக்காவிடம் சொன்னாள், அவள் எனக்கு இட்லி வைக்கும்போது சொன்னாள். ஆலையில் சுற்றறிக்கைகள்கூட என்னிடம் இதைவிட வேகமாக வந்து சேரும்.

அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் எங்கள் சபையில்தான் என்று முடிவானது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு. மகளும் மருமகனும் மூன்று வாரம் இருப்பார்கள், மாடி அறையில் தங்குவார்கள். மாடிக் குளியலறைக்கு அதுவரை வெந்நீர் கொடுத்துவந்தது கொல்லைப்புறத்தில் நான் வடிவமைத்த விறகு பாய்லர். இருபது வருடம் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. அதன் புகையைப் பற்றி மட்டும் என் மனைவியின் கண்கள் தினமும் புகார் கொடுத்தன. சரி, இதைக் கழற்றிவிட்டு நாமும் சோலாருக்கு மாறிவிடுவோம் என்று அக்டோபரில் அறிவித்தேன். சகலை வீட்டைப் பார்த்து அல்ல என்றும் சேர்த்துச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

வரைபடம் நானே போட்டேன். பழைய இரும்புக் குழாய்கள் நன்றாக இருந்ததால் அவற்றையே பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டேன். கீழ்க் குளியலறைக்கு மொட்டை மாடியிலிருந்து நேரே இறங்கும் குழாய். அதில் பிரச்சினை இல்லை. மேல் குளியலறைக்குப் போகும் குழாய்தான் படிக்கட்டு அறையின் கதவைக் கடந்தாக வேண்டும். தரையில் விட்டால் ஈரத் துணி எடுத்துவரும் என் மனைவி தடுக்கி விழுவாள். ஆகவே குழாய் கதவின் இடப்பக்கம் ஏறி, நிலைக்கு மேலே போய், வலப்பக்கம் இறங்குமாறு தோரணம் போல வரைந்தேன். சோலார் டாங்கின் நீர்மட்டம் தோரணத்தின் உச்சியைவிட ஒரு சாண் உயரம். தண்ணீர் தாண்டிவிடும். கணக்கு சரி.

பிளம்பர் கார்வேட்டிநகரம் பக்கத்துத் தெலுங்குக்காரர். வேலை சுத்தம். வரைபடத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, தோரணத்தின் உச்சியில் வாய் திறந்த குழாய் ஒன்றை ஆள் உயரத்துக்கு நிறுத்தலாமா என்று கேட்டார்.

"டிராயிங்ல அது இல்லியே," என்றேன்.

"மீ இஷ்டம் சார்," என்று சொல்லிவிட்டு ஏணியிலிருந்து இறங்கினார். உங்கள் விருப்பம் என்று அதற்குப் பொருள். இனி வருவதற்கு நான் பொறுப்பல்ல என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல வேறு மொழியில் வழி இருப்பதாகத் தெரியவில்லை.

வேலை முடிந்த மறுநாள் கீழ்க் குளியலறையில் தண்ணீர் ஆவி பறக்க வந்தது. மேலே போய்த் திறந்தேன். குழாய் இரண்டு முறை இருமியது, ஒரு கரண்டி பச்சைத் தண்ணீரைத் துப்பியது, அடங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள்.

"நைனா, மேல பாத்ரூம்ல சுடுதண்ணி வந்துட்சா?"

"சின்ன அட்ஜஸ்ட்மென்ட் இருக்குது. ஆயிடும்."

"காத்து புடிச்சிக்கினு இருக்கும் நைனா. எங்க வீட்லயும் போன மாசம் ஒரு ரூம்ல ரேடியேட்டர் சில்லுன்னு கெடந்துச்சு. சித்தப்பா வீடியோல பாத்துட்டு காத்த எடுக்க சொன்னாரு. ஒரு சின்ன சாவி இருக்குது, அத போட்டு திருகுனா புஸ்ஸுன்னு போய், சூடு வந்துட்சி."

ஜெர்மனியில் இருக்கும் என் மகளின் ரேடியேட்டர் சூடாகாததும் திருப்பதிக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அவளுடைய அறையில் சுற்றுவது மூடிய சுற்று, நம் வீட்டில் இருப்பது திறந்த அமைப்பு, இரண்டையும் ஒப்பிடவே கூடாது என்று பத்து நிமிடம் விளக்கினேன். குழந்தை தூங்கிவிட்டது.

"சரி நைனா. சனிக்கிழம வரோம். அதுக்குள்ள ஆவலன்னா சொல்லு, நாங்க சித்தப்பா வீட்லயே தங்கிக்கறோம். ஞாயித்துக்கெழம கார்ல வந்துட்டு போயிடறோம். குழந்தைக்கு ரெண்டு வேளையும் சுடுதண்ணி வேணும். பக்கெட்ல தூக்கிக்கினு மாடி ஏற உன்னாலயும் ஆவாது, அம்மாவாலயும் ஆவாது."

மூன்று வாரம் அவன் வீட்டில் இருப்பார்கள். இங்கே விருந்தாளி மாதிரி வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சென்னை ஏர்போர்ட்டுக்குக் கார் எடுத்துப் போகிறவனும் அவன்தான். ஸ்டியரிங்கைத் திருப்பதிப் பக்கம் திருப்புவதா, சித்தூர்ப் பக்கம் திருப்புவதா என்பது மட்டும் பாக்கி.

செவ்வாய்க்கிழமை நான் சபைக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது பிளம்பர் வந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்தபோது மனைவி சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "காலண்டர்ல எழுதி வச்சிக்கீறேன், பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். 'பிளம்பர் வந்தார். மேல் லைனில் காலி. ஊரில் கல்யாணம். திங்கள் வருவார்.'

படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி என்றே சொல்ல வேண்டும். காற்றும் இல்லை, கீற்றும் இல்லை. குழாய் காலி. அதாவது தண்ணீர் போதவில்லை. ஆலையில் முப்பது வருடம் குழாய்களிலிருந்து காற்றை வெளியேற்றியவன் நான். ஆனால் காற்று என்ற யோசனை இப்போது திருப்பதியிலிருந்து வந்திருந்தது. அதனால் அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

ஒரு தாளில் படிநிலைகளை எழுதி வேலையைத் தொடங்கினேன். மேல்நிலைத் தொட்டியின் மட்டத்தைப் பார்த்தேன். மிதவை வால்வை மாற்றினேன். சோலார் டாங்கின் மூடியைத் திறந்து பார்த்தேன், விளிம்புவரை தண்ணீர். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் நிரப்பினால் தள்ளும் என்று காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மோட்டார் போட்டேன். தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த புடவைகள் மேல் கொட்டியது. அந்த அம்மாள் மதில் மேல் தலையை நீட்டி, "ஏமி சார், மாகு கூடா கனெக்ஷன் இச்சாரா?" என்றாள். எங்களுக்கும் கனெக்ஷன் கொடுத்துவிட்டீர்களா என்று விசாரிக்கிறாள். ஒவ்வொரு படிநிலைக்குப் பிறகும் மாடிக் குழாயைத் திறந்தேன். அது இருமியது.

பிளம்பருக்கு ஏழு முறை போன் செய்தேன். கல்யாண மேளத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. வியாழக்கிழமை சாயங்காலம் மகளின் செய்தி வந்தது: 'ஆச்சா நைனா?' நான் மறுபடியும் மோட்டார் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை சகலையும் அவன் மனைவியும் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்குச் சாமான் கொண்டுவந்திருந்தார்கள். அவன் பையை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தபடி காலண்டர் முன்னால் நின்றான். அவன் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பான்.

"மேல் லைன்ல காலி." என் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சிக்கினே ஏண்ணா வுட்டு வச்சிக்கினு கீறீங்க?"

அந்தக் 'காலி'யை அவன் கொஞ்சம் கனமாகச் சொன்ன மாதிரி இருந்தது. டிரைவர்கள் எதையும் கனமாகத்தான் சொல்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

"காலியெல்லாம் இல்ல. டேங்க் விளிம்பு வரைக்கும் நெறஞ்சி கெடக்குது. நானே பாத்தேன்."

"டேங்க் நெறஞ்சா இன்னாண்ணா? லைன்ல காலி கீதே."

"டேங்க்ல தண்ணி இருந்தா லைன் எப்படிப்பா காலியா இருக்கும்?"

"டேங்க்ல எவ்ளோ தண்ணி இருந்தாலும் லைன்ல காலி இருக்கும்ணா. அதான தொல்லையே."

"அப்ப அந்தத் தண்ணி எங்க போவுது?"

"எங்கியும் போவல. காலி அத்த வுட மாட்டேங்குது."

"ஒண்ணுமே இல்லாதது எப்படிய்யா தண்ணிய வுடாம புடிச்சிக்கினு இருக்கும்?"

சமையலறையிலிருந்து மைத்துனி எட்டிப் பார்த்தாள். "மாமா, ஒண்ணும் இல்லாததுக்கா ரெண்டு பேரும் இப்பிடி கத்திக்கினு கீறீங்க?"

சகலை என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு என் முகத்தில் "உஃப்" என்று ஊதினான்.

"இதுண்ணா. காலி. காத்து! தெலுங்குல சொல்லிக்கீறான் அந்தாளு."

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. காதில்தான் வேறு. காற்று என்னும் தெலுங்குக் காலிக்கு ரயில் கார்டின் கா. நான் படித்ததோ போஸ்ட் கார்டின் கா. பிளம்பர் சொன்னதை என் மனைவி சொன்னபடியே எழுதியிருக்கிறாள். பிறந்ததிலிருந்து இந்த இரண்டு மொழிகளுக்கும் நடுவில் இருக்கிறேன். தாலுக்கா ஆபீஸில் தெலுங்கில் மனு எழுதிக் கொடுக்க என்னிடம்தான் வருவார்கள்.

"நீ ஏன் சொல்லல?" என்று மனைவியைக் கேட்டேன்.

"நீங்க எங்க கேட்டீங்க? மூணு வேளையும் மோட்டார் போட்டுக்கினே இருந்தீங்க. காத்த தள்றதுக்குத்தான் போட்றீங்கன்னு நெனச்சேன்."

மொட்டை மாடிக்குப் போனோம். அவன் வரைபடம் கேட்கவில்லை. தோரணத்தின் இடப்பக்கக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனான். "இங்க சுடுது. இங்க சுடுது." உச்சியைத் தாண்டி வலப்பக்கம் வந்ததும் நிறுத்தினான். "இங்க சில்லுன்னு கீது பாருங்க. மேல ஒக்காந்துக்கினு கீது. டீசல் லைன்ல காத்து பூந்தாலும் இதே கததான். டேங்க் ஃபுல்லா இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆவாது."

என் பைப் ரெஞ்சைத்தான் கேட்டான். கொடுத்தேன். முக்காலி மேல் ஏறி, உச்சியில் இருந்த யூனியன் இணைப்பை அரைச் சுற்றுத் தளர்த்தினான். குழாய் நீளமாகச் சீறியது. பிறகு கொப்பளித்தது. பிறகு வெந்நீர் பீச்சி அவன் சட்டை முழுவதும் நனைந்தது. "அய்யோ யப்பா" என்று கத்திக்கொண்டே சிரித்தான். இறுக்கினான். மாடிக் குளியலறையிலிருந்து என் மனைவி, "வருது! வருது!" என்று கூவினாள். ஐந்து நிமிட வேலை.

"இது ரெண்டு மூணு நாளைக்கி தாங்கும்ணா. திரும்ப புடிச்சா திரும்ப லூஸ் பண்ணுங்க. திங்கக்கெழம அந்தாளு வந்தா மேல ஒரு பைப்ப நிறுத்தி வாய தொறந்து வுட சொல்லுங்க. காத்து அது பாட்டுக்கு போய்க்கினே இருக்கும்."

அவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அங்கேயே மாடியில், ஈரச் சட்டையோடு, போனை எடுத்து மகளை வீடியோவில் கூப்பிட்டான். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மாடியில சுடுதண்ணி வந்துட்சிம்மா. அங்க இங்க அலைய வாணாம். நைனா வூட்லயே தங்கிக்கோ. நைனாவே சரி பண்ணிட்டாரு." போனை என் பக்கம் திருப்பினான்.

"சூப்பர் நைனா!" என்றாள் அவள்.

நான் "ம்" என்றேன். அந்த எழுத்துக்குள் எவ்வளவு பொய் அடங்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

கீழே வந்தபோது மைத்துனி என் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இரண்டு மாதமாகச் சகலை திருப்பதி வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்குக் கொக்கி மாட்டி, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து, குழந்தைக் குளியலுக்குத் தொட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறானாம். "சோலார் வூட்டுக்குத்தான் வருவாங்கன்னு பெட்ஷீட் கூட மாத்திட்டாருக்கா. இன்னிக்கி இங்க வந்து இவரே ரிப்பேர் பண்ணிட்டாரு." அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் காலண்டரைப் படித்துவிட்டுப் பேசாமல் தண்ணீர் குடித்திருப்பேன். திங்கட்கிழமை பிளம்பர் வரட்டும் என்று விட்டிருப்பேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கு அப்படித் தோன்றவே இல்லை. அவன் வெந்நீரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், என் மகள் அவனிடம் ஒட்டிக்கொண்டதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அதெல்லாம் பழகிவிட்டது. அவனுக்கு என்மேல் பொறாமை இல்லை என்பதைத் தாங்குவதுதான் சிரமமாக இருந்தது.

சனிக்கிழமை மதியம் கார் எங்கள் வாசலில்தான் வந்து நின்றது. பின் சீட்டில் மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில் அந்தக் குளியல் தொட்டி இருந்தது. அவன் முந்தின இரவே திருப்பதிக்குப் போய் அதை ஏற்றிக்கொண்டு ஏர்போர்ட்டுக்குப் போயிருக்கிறான். அவனே மாடிக்குத் தூக்கிப்போய் வைத்தான். சாயங்காலம் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். மைத்துனி தண்ணீர் விளாவ, என் மனைவி கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கிடத்திக்கொள்ள, ஆவி குளியலறைக் கதவுக்கு வெளியே வந்தது. மகள் துண்டை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள்.

"நல்லா வருது நைனா தண்ணி."

ஒரு நாள் முழுவதும் தொண்டையில் வைத்திருந்ததை அப்போது சொன்னேன். "நான் பண்ணல. உன் சித்தப்பாதான் பண்ணான். காத்து புடிச்சிருந்துச்சு."

"தெரியும்," என்றாள் அவள், என்னைப் பார்க்காமலே. "நீ பண்ணியிருந்தா அன்னிக்கே எனக்கு போன் பண்ணி ஒரு மணி நேரம் வெளக்கம் சொல்லியிருப்ப. நீ ம்-ங்கறப்பவே தெரிஞ்சிபோச்சு."

குழந்தையைத் துடைத்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டினார்கள். மகளின் செய்திகளைப் போலவே குழந்தையும் முதலில் சித்தப்பாவின் தோளுக்குத்தான் போனது. அவன் முதுகைத் தட்டிக்கொண்டு கூடத்தில் இரண்டு நடை நடந்தான். குழந்தை அவன் காதைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தது.

"இங்க குடு," என்றேன்.

கொடுத்தான். என் கைக்கு வந்த உடனே குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டது. நான் தட்டினேன், ஆட்டினேன், ஜன்னல் பக்கம் கொண்டுபோனேன். இன்னும் உரக்க அழுதது. அவன் பின்னாலேயே வந்து, "குடுங்கண்ணா, பழகாத கைய்யி, அழுவும்," என்று இரண்டு கைகளையும் நீட்டினான்.

நான் கொடுக்கவில்லை.